மகஜர் சாட்சி

பதினொன்றே கால் மணிக்கு இருவர் வந்தார்கள்.
இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை,
கழுத்தில் அட்டை; அட்டை திரும்பியிருந்தது.
"ஜெராக்ஸ் கடை உங்களுதா?
ஒரு கையெழுத்துக்கு மேலே வரணும்."
தீப்பெட்டி கேட்பதுபோல் அவ்வளவு சாதாரணமாக.

அரண்மனைக்காரன் தெருவில்
முந்தின நாள் மழை இன்னும் வடியவில்லை.
பாதி ஓடிய யாரோ ஒருவரின் மூலப்பத்திரத்தை
மெஷினிலேயே விட்டுவிட்டு மாடியேறினேன்.

மூலநாதன் டிராவல்ஸ், இரண்டாம் தளம்.
உம்ரா, காசி, சிங்கப்பூர் மூன்று நாள்.
மூக்குடைந்த விமானப் பொம்மை
மேசைமேல் இன்னும் கிளம்பிக்கொண்டிருந்தது.
திருமூலநாதன் நின்றிருந்தான்,
அவன் நாற்காலியில் வேறொருவர்.

எண்ணும் இயந்திரத்தை அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்.
ஏசிக்குப் பின்னாலிருந்து திர்ஹாம்,
சுருட்டிய காலண்டருக்குள் ரிங்கிட்,
டிபன் கேரியரின் மூன்றாம் அடுக்கில்
புளிசாத வாசனையோடு சிங்கப்பூர் வெள்ளி.
அடையாளம் தெரியாமல் இயந்திரம் துப்பியது.
பிறகு கையால் எண்ணினார்கள்,
எச்சில் தொடாமல், ஈர ஸ்பாஞ்சில் விரல் வைத்து.

"அந்நியச் செலாவணி" என்று ஒருவர் சொல்லச் சொல்ல
ஒரு பெண் தட்டச்சு செய்தார்.
அந்நியன் அந்த அறையில் நான்தான், காகிதப்படி:
'இவ்விடத்தோடு எத்தொடர்பும் இல்லாத
சுதந்திரமான சாட்சி, பொன்னுரங்கம், வயது 46.'

அப்புறம் அந்த நோட்டுப் புத்தகம்.
நாற்பது பக்கம், கோடு போட்டது, அட்டையில் மயில்.
உள்ளே பெயர்கள் இல்லை.
'கொத்தனார், வியாசர்பாடி – 25.'
'நர்ஸம்மா, சலாலா – 60, கல்யாணம்.'
'ஐஸ் கம்பெனி, காசிமேடு – 15.'
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில்
ஒரு பத்து ரூபாய் நோட்டின் எண்.
அந்த நோட்டைக் காட்டினால் வாசலிலேயே பணம்.
வரிசை கிடையாது, ரசீது கிடையாது,
ஞாயிற்றுக்கிழமையும் உண்டு.

ஊரில் இதற்குப் பெயர் உண்டியல்.
கோயிலில் போட்டால் புண்ணியம்.
இங்கே போட்டால், அதிகாரி பொறுமையாக விளக்கினார்,
தொகையைப்போல் மூன்று மடங்குவரை அபராதம்.
பிடித்த பணமும் திரும்பாமல் போகலாம்.
"முன்னே மாதிரி ஜெயில் இல்ல சார், சிவில்தான்.
கட்டலேன்னாதான் தொல்லை.
கொடுத்தவர், வாங்கினவர், எல்லாருக்கும் நோட்டீஸ் போகும்."

பதினேழாம் பக்கம்.
'ஜெராக்ஸ் – 40. தம்பி, குவைத்.'

போன ஆடியில் வந்தது.
மெஷினுக்கு டிரம் மாற்றினேன், மகளுக்கு ஃபீஸ் கட்டினேன்.
வங்கியில் அனுப்பச் சொல்லியிருக்கலாம்.
தம்பிக்கு அங்கே கணக்கில்லை;
பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் தூங்குகிறது.

மூலநாதன் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க அவன் பட்ட பாட்டை
அந்த அறையில் நான் மட்டும் பார்த்தேன்.

"பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, தேதியோட."
பதினாறுவரை என் கையெழுத்து என்னுடையதாக இருந்தது.
பதினேழில் 'பொ' எழுதி நின்றேன்.
பொய்யும் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது.
"பேனா எழுதலையா?" என்று வேறொன்று தந்தார்கள்.

"நகல் மூணு செட் வேணும்."
வேறெங்கே போவார்கள்?
என் கடைக் கண்ணாடிமேல் மயிலைக் கவிழ்த்தேன்.
பச்சை வெளிச்சம் அடியில் போனது, வந்தது.
எழுத்தை மங்கலாக்க ஒரு பொத்தான் உண்டு.
பதினேழு வந்தபோது விரல் அதன்மேல்தான் இருந்தது.
அவர் என் தோளுக்குப் பின்னால்
டீ குடித்துக்கொண்டிருந்தார்.

புது டிரம்.
அச்சு வார்த்ததுபோல் விழுந்தது:
ஜெராக்ஸ், நாற்பது, தம்பி.

நூற்றிருபது பக்கம், நூற்றிருபது ரூபாய்.
பில் கேட்டு வாங்கிக்கொண்டார்.
சில்லறையில்லாமல் நூற்றைம்பது நீட்டினார்.
மீதி மூன்று பத்து ரூபாய்த் தாள்கள்;
கொடுக்குமுன் அவற்றின் எண்களை
ஏன் படித்தேனென்று
இன்றுவரை தெரியவில்லை.